ஒரு வாட் தீனதயாளன்

"ஒரே ஒரு வாட்டு போதும் மச்சான். ரோட்டுல ஆயிரம் பேரு குந்திகினு இருந்தாலும் எழுப்பிக் காட்டறேன்."

தீனதயாளன் இதைச் சொன்ன நேரத்தில் அவருடைய மனைவியின் அண்ணன் காசிநாதன் வாய் நிறையக் காபி வைத்திருந்தார். அதில் பாதி மூக்கு வழியாகத் திரும்பி வந்து, எதிர்ச்சுவர்க் காலண்டரில் ஏகாதசி வரைக்கும் நனைத்துவிட்டது.

"ஒரு வாட்டுல கொசு கூட எழுந்துக்காது மாப்ள" என்றார் காசிநாதன், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

இடஒதுக்கீடு கேட்டு அடுத்த வாரம் முழுக்கச் சாலை மறியல் என்று கள்ளக்குறிச்சியில் சுவரெல்லாம் எழுதியிருந்த சமயம் அது. ஊரில் யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு மறியலில்தான் போய் முடியும். தீனதயாளன் வீட்டில் மட்டும் அது ஒலிபெருக்கி வழியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய் முடிந்தது.

தீனதயாளன் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுப்பவர். எரிகிற விளக்கைப் பார்த்தால் மற்றவர்களுக்கு வெளிச்சம் தெரியும், அவருக்கு யூனிட் தெரியும். ஜீரோ வாட் பல்பு உண்மையில் பதினைந்து வாட் தின்கிறது என்று கண்டுகொண்ட அன்றே சாமி மாடத்தில் அகல் விளக்குக்கு மாறிவிட்டவர். அப்படிப்பட்ட மனிதருக்குப் பாட்டுக் கேட்கும் பைத்தியமும் பிடித்திருந்தது. இரண்டு பைத்தியத்தையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடை ஒன்றில் வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றைப் பிடித்திருந்தார். வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான். மொத்தமே நாலு வாட் சத்தம்தான் தரும். ஆனால் சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் மெல்லச் சிவந்து வருவதைப் பார்த்தால், பாட்டே வேண்டாம், இதுவே போதும் என்றிருக்கும். மழைக்காலத்தில் அவருடைய மனைவி கமலா அதன் தலையில் முறத்தை வைத்து வடகம் காயவைத்துக்கொண்டாள். மாநிலத்திலேயே இசையில் காய்ந்த வடகம் அது ஒன்றுதான்.

ஆம்ப்ளிபயர் கிடைத்துவிட்டது, அதற்கேற்ற ஸ்பீக்கர்தான் அமையவில்லை.

முதலில் மெட்ராஸிலிருந்து அழகான இரண்டு சின்னப் பெட்டிகளை வரவழைத்தார். நாலு வாட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிகள் கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற ஆள் மாதிரி முனகின. இருநூறு வாட் ஆம்ப்ளிபயர் வாங்கிப் போடுங்கள், கதவு பிய்த்துக்கொள்ளும் என்று கடைக்காரர் எழுதியிருந்தார். இருநூறு வாட் என்று படித்ததும் தீனதயாளனுக்கு அரை நாள் காய்ச்சல்.

அடுத்தது கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி. இதில் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் பாடுகிற எல்லாருக்கும் ஜலதோஷம் பிடித்திருந்தது. மிருதங்கம் எண்ணெய் டின் ஆகிவிட்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குழாய் கட்டிப் பாட்டுப் போட்டால் அந்த வீட்டில் விசேஷம் என்பது ஊர் வழக்கம். மறுநாளே எதிர்த்தெருப் பெண்கள் மஞ்சள்நீராட்டுக்கு வருகிற மாதிரி தேங்காய்ப் பழத்தட்டோடு வந்து, "பொண்ணு எப்ப உக்காந்துச்சி?" என்று கேட்டார்கள். தீனதயாளனுக்குப் பெண்ணே கிடையாது. ஒரே பையன், அவன் பட்டாளத்தில் இருந்தான்.

அப்புறம்தான் பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு பத்திரிகையில் ரகசியத்தைப் படித்தார். ஸ்பீக்கரில் இரண்டு ஜாதி மட்டும்தான் உண்டு: தின்று சோம்பிக் கிடப்பது, கொஞ்சம் தின்று நிறைய உழைப்பது. சின்னப் பெட்டிக்குள் சத்தத்தை அடைத்தால் அதை வெளியே தள்ள முரட்டு ஆம்ப்ளிபயர் வேண்டும். ஆள் உயரப் பெட்டி, அண்டா அகலக் காகிதக் கூம்பு, மேலே யானைக் காது போல விரிந்த கொம்பு என்று இருந்தால் ஒரு வாட்டே கூடம் கொள்ளாமல் நிரம்பும். அந்தக் காலத்து சினிமாக் கொட்டகைகளில் அதைத்தான் வைத்தார்கள்; ஏனென்றால் அப்போது ஆம்ப்ளிபயர்களுக்குச் சக்தியே இல்லை.

தீனதயாளன் பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். தியாகதுருகத்துக் கீற்று சினிமாக் கொட்டாய் இழுத்து மூடி ஒரு வருஷமாகிறது. அதன் வெள்ளைத் திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள் இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

நின்றன. போய்ப் பார்த்தார். பெட்டிக்குப் பின்னால் மின்தடை பதினாறு ஓம் என்று பொறித்திருந்தது. அவருடைய ஆம்ப்ளிபயரிலும் பதினாறு ஓம் முனை இருந்தது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எட்டுப் பொருத்தமே தாராளம் என்று முடித்தவர், இங்கே பதினாறும் பொருந்தியதைப் பார்த்துக் கண்கலங்கினார். கொட்டாய்க்காரர் வண்டி கொண்டுவந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இனி வேண்டியது ஓர் அறை. அங்கேதான் சிக்கல்.

வீட்டில் முன்னறை ஒன்று காலியாக இருந்தது. அதில் பெரிய கிரைண்டர் போட்டுத் தெருவுக்கு மாவு அரைத்துக் கொடுக்க வேண்டும் என்பது கமலாவின் நெடுநாள் திட்டம். பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணன் காசிநாதன், விழுப்புரத்திலிருந்து தானே கிரைண்டர் கொண்டுவந்து இறக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார். காபி மூக்கில் ஏறியது இந்தப் பேச்சின் நடுவில்தான்.

தீனதயாளன் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி ஒரு நியாயம் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் தனக்கென்று இருப்பது சட்டை மாட்டுகிற ஓர் ஆணி மட்டும்தான். இந்த அறையும் போனால் பாட்டுக் கேட்க மிஞ்சுவது மாட்டுக் கொட்டகை. அங்கே ஏற்கெனவே மாடு இருக்கிறது.

கமலாவுக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் அவள் தீர்ப்பு சொல்லிப் பழகியவள்.

"எது மொதல்ல வாசப்படி தாண்டுதோ அதுக்குத்தான் ரூமு" என்றாள். "பொட்டி வந்தா பாட்டு. கிரைண்டர் வந்தா மாவு. அப்பறம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிகினு எங்கிட்ட வரக்கூடாது."

காசிநாதன் நேரத்தை வீணாக்கவில்லை. மறியலுக்கு முந்தின நாள் சாயங்காலமே விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

பொழுது விடிந்தபோது சாலையெங்கும் புளியமரங்கள் குறுக்கே படுத்திருந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, கடை இல்லை. படிப்பும் வேலையும் கேட்டு ஊர் ஊராகச் சனம் ரோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. கள்ளக்குறிச்சி தாலுகாவிலேயே அன்று சந்தோஷமாக இருந்த ஒரே அரசாங்கச் சம்பளக்காரர் தீனதயாளன்தான். கிரைண்டர் விழுப்புரத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கும். லாரி வராது. ஆனால் மாட்டுவண்டி வரும். மரத்தைச் சுற்றிக்கொண்டு வயலில் இறங்கி ஏற லாரியால் முடியுமா?

மூன்றாம் நாள் காலையில் ஆம்ப்ளிபயரைத் தலையணையில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, ஏரிக்கரை வழியாகத் தியாகதுருகம் போய்ச் சேர்ந்தார். வாங்குவதற்கு முன் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கொட்டாயிலேயே மாட்டினார். சத்தத்தைக் கூட்டும் திருகைக் கடுகளவு திருப்பினார். கொட்டாய்க்குள் குடியிருந்த வௌவால்கள் அனைத்தும் வீட்டைக் காலி செய்துகொண்டு கோட்டை மலைக்குப் போய்விட்டன.

வண்டிக்காரராகக் கிடைத்தவர் வேடியப்பன். வெள்ளிமலைக்காரர். மகள் வீட்டுக்கு இறங்கி வந்தவர், மலைக்குப் போக பஸ் இல்லாமல் மருமகன் வீட்டில் மூன்று நாளாகச் சங்கடத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சி வரைக்கும் போனால் அங்கிருந்து மலையடிவாரத்துக்கு நடந்துவிடலாம் என்று மருமகனின் வண்டியைப் பூட்டிவிட்டார். இரண்டு பெட்டிகளையும் படுக்கவைத்து, சைக்கிளைப் பின்னால் கட்டினார்கள். ஆம்ப்ளிபயர் தீனதயாளன் மடியில் உட்கார்ந்து வந்தது.

ஏரிக்கரையில் சைக்கிள் போகும், பாரவண்டி புதையும். ஆகவே சாலைதான்.

ஊர் தாண்டியதும் முதல் மரம். சுற்றிலும் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம். வண்டியில் என்ன என்று கேட்டார்கள். ஸ்பீக்கர் என்று சொன்னால், யாருடையது, எந்தக் கட்சிக்கு, எதற்கு என்று ஆயிரம் கேள்வி வரும். தீனதயாளன் யோசித்து ஒரு பாதுகாப்பான பொய்யை எடுத்தார்.

"கல்யாண சீருங்க. பீரோ."

கல்யாணம் என்றதும் கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. நாலு பேர் கிளைகளை வெட்டி ஒதுக்கி வண்டிக்கு வழி செய்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பச்சையம்மாள் என்ற ஓர் அம்மாள், சீர் வண்டியை வெறுமனே அனுப்பக் கூடாது என்று மஞ்சளும் குங்குமமும் கொண்டுவரச் சொன்னார். பெட்டிகளுக்குப் பொட்டு வைத்தார்கள். தலைவருக்கென்று வைத்திருந்த சம்பங்கி மாலையில் ஒன்று பெட்டிக்கு வந்தது. பொண்ணு பேர் என்ன என்று கேட்டதற்கு அவசரத்தில் கமலா என்றார் தீனதயாளன். மாப்பிள்ளை பேர் கேட்டபோது வேறொன்றும் வாயில் வராமல் தன் பேரையே சொன்னார்.

"நல்ல பொருத்தம்" என்றார் பச்சையம்மாள். "மாப்ள இன்னா வேலை?"

"கரண்ட்டு ஆபீசு."

"அப்ப வூட்ல வெளிச்சத்துக்குக் கொறவில்ல" என்று வாழ்த்தி அனுப்பினார். கமலா கேட்டிருந்தால் அவருக்குப் பதில் சொல்லியிருப்பாள்.

பிரச்சினை என்னவென்றால், மஞ்சள் குங்குமம் மாலையெல்லாம் ஏறிய பிறகு அந்தப் பெட்டிகளை இனி பீரோ அல்ல என்று யாரிடமும் சொல்ல முடியாது. அரை மைல் தள்ளி போலீஸ் நின்றது. சப் இன்ஸ்பெக்டர் ஒருவர், மூன்று நாள் தாடியோடு. அனுமதியில்லாத ஒலிபெருக்கி எதுவானாலும் ஸ்டேஷனுக்குப் போகும் என்று பலகையே எழுதி வைத்திருந்தார். தீனதயாளன் ஆம்ப்ளிபயரின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பீரோ என்றார்.

இன்ஸ்பெக்டர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார்.

"கதவு எங்கய்யா?"

தீனதயாளன் மடியிலிருந்த துண்டை இன்னும் இழுத்துப் போர்த்தினார். வண்டியின் முன்பலகைமேல் உட்கார்ந்திருந்த வேடியப்பன் நிதானமாகத் திரும்பினார்.

"இது வெள்ளிமலை பீரோங்க. எங்க மலைல பீரோவுக்குக் கதவு வக்கிற பழக்கம் இல்லீங்க. அங்க திருடன் இல்ல."

இன்ஸ்பெக்டர் வேடியப்பனை நம்பினாரா, அல்லது மூன்று நாளாகத் தூங்காத மனிதருக்கு அதற்கு மேல் கேட்கத் தெம்பில்லையா, தெரியாது. முன்புறத் துணியை விரலால் தட்டினார். உள்ளிருந்து கிணற்றுக்குள் பூசணிக்காய் விழுந்த மாதிரி ஓர் ஒலி வந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

தீனதயாளன் இங்கேயிருந்து வயல் தடத்தில் இறங்கி, பெரிய மறியலைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அதைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டார். சீர் வண்டி சேற்றில் கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது? நேராகச் சாலையிலேயே போங்கள், கல்யாண வண்டிக்கு வழிவிட வேண்டுமென்று முன்னால் இருப்பவர்களிடம் பேசியாகிவிட்டது என்று இரண்டு கான்ஸ்டபிள்களைத் துணைக்கும் அனுப்பினார்.

இப்படியாகத் தீனதயாளன், தான் எந்த இடத்துக்குப் போகவே கூடாதென்று நினைத்தாரோ, அந்த இடத்துக்குப் போலீஸ் பந்தோபஸ்தோடு போய்ச் சேர்ந்தார்.

அங்கே சாலையில் மூன்று மரங்கள். மரத்துக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் தலைகள். ஆயிரம் பேர் என்றால் குறைத்துச் சொன்னதாகும். வரிசை வரிசையாக லாரிகள் வெயிலில் கிடந்தன. லாரி ஆட்கள் வண்டிக்கடியில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். மரத்தின்மேல் ஏறி நின்று சின்னராசு என்ற உள்ளூர்த் தலைவர் வெறும் வாயால் பேசிக்கொண்டிருந்தார். அவர்களுடைய மைக் செட் காலையிலேயே புகைந்து அணைந்திருந்தது. முன்வரிசைக்கு மட்டும் தலைவர் பேசுவது கேட்டது. பின்வரிசை முன்வரிசையைப் பார்த்துக் கைதட்டியது.

வண்டியைப் பார்த்ததும் வழிவிடத்தான் எழுந்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. சாலம்மாள், கொட்டாயில் காலமெல்லாம் முறுக்கு விற்றவள்.

"இது இன்னா பீரோ?" என்றாள். "இது கொட்டாய்ப் பொட்டியாச்சே. இதும்பேர்லதான நான் முறுக்குக் கூடய வப்பேன்."

பந்தோபஸ்துக்கு வந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் தீனதயாளனைப் பார்த்தார்கள். தீனதயாளன் மாட்டைப் பார்த்தார்.

சின்னராசு மரத்திலிருந்து குதித்து வந்தார். கோபமில்லை அவருக்கு, தெய்வமே அனுப்பி வைத்த மாதிரி பேசினார். பொட்டி இங்கே இறங்கட்டும், கூட்டம் முடிந்ததும் பத்திரமாக அனுப்பி வைக்கிறோம் என்றார். கான்ஸ்டபிள்கள் ஆயிரம் பேரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, இது பீரோ என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது என்று நிழலுக்குப் போய்விட்டார்கள்.

ஆறு பேர் பெட்டிகளை இறக்கி மரத்துக்கு இருபுறமும் நிறுத்தினார்கள். ஒருவன் ஒயரை எடுத்து மின்கம்பியில் கொக்கி வீசினான். காலமெல்லாம் கொக்கி போட்டவர்களைப் பிடித்துக் கொடுத்த தீனதயாளன், திரும்பி நின்று தொலைவிலிருந்த ஒரு கொக்கை ஆழ்ந்து கவனித்தார்.

ஆம்ப்ளிபயரைத் துண்டிலிருந்து வெளியே எடுத்ததும் கூட்டம் சிரித்தது. சின்னராசுவும் சிரித்தார்.

"இன்னா சார், இது டிபன் பாக்ஸா? எங்க செட்டு நூத்தம்பது வாட்டு. அதுவே பத்தல."

அது போதும். வேறு எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொண்டிருப்பார். வழியெல்லாம் பொய் சொல்லி, மாலை மரியாதையோடு வந்து மாட்டிக்கொண்ட மனிதருக்கு அந்த ஒரு வார்த்தையில் பயமெல்லாம் போய்விட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு ஒயரையும் தானே முறுக்கினார். வால்வுகள் சிவக்கும் வரை கைகட்டி நின்றார். மைக்கைச் செருகிச் சின்னராசுவிடம் கொடுத்தார்.

"மெதுவாவே பேசுங்க" என்றார். "ஒரு வாட்டுதான் போவுது. அதுவே ஜாஸ்தி."

சின்னராசு நம்பாமல் வழக்கம்போல் அடிவயிற்றிலிருந்து "பெரியோர்களே" என்றார்.

முதல் வரிசை அப்படியே பின்னால் சாய்ந்தது. ஏரிக்கு அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அந்தப் 'பெரியோர்களே' தியாகதுருகம் கோட்டை மலைவரை போய், அங்கே ஒருமுறை இளைப்பாறிவிட்டுத் திரும்பி வந்தபோது சின்னராசுவே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

பிறகு தணிந்து பேசினார். பேச்சு நன்றாகவே இருந்தது. மேடைக் கத்தல் இல்லாததால், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் கடைசி வரிசை வரைக்கும் போய் விழுந்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் மாடு மேய்க்கிற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது நிறையப் பேர் துண்டை எடுத்தார்கள். மீட்டரைத் தவிர வேறெதற்கும் உருகாத தீனதயாளனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு பங்கு உருக்கம் பேச்சுக்கு, ஆறு பங்கு பெட்டிக்கு.

அந்த நேரத்தில்தான் சமையல்காரர் குனிந்தபடி வந்து சின்னராசுவின் காதருகில் நின்றார். மறியல் நடக்கிற இடத்தில் மதியச் சோறு போடுவது வழக்கம். சின்னராசு மைக்கை இடுப்புக்குத் தாழ்த்திக்கொண்டு, முகத்தைத் திருப்பி, உதடு அசையாமல் ரகசியமாகக் கேட்டார். வேறு எந்தச் செட்டானாலும் அது அவருக்கும் சமையல்காரருக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். இது கொஞ்சம் தின்று நிறைய உழைக்கிற செட்.

"குஸ்கா எவ்ளோ பேருக்கு இருக்கு?"

சாலை, வயல், ஏரி, எல்லா இடத்திலும் கேட்டது.

"எரநூறு பேருக்குதான் வரும்ணே" என்று சமையல்காரரின் மூச்சுக்காற்று இரண்டு பெட்டிகளிலிருந்தும் சம அளவில் வந்தது. "கறி ஒரு அண்டா இருக்கு."

"கம்முனு இரு. நம்ம தெரு ஆளுங்கள மட்டும் நைசா புளியந்தோப்புக்குப் பின்னால வரச்சொல்லு. மத்தவங்களுக்கு அப்பறம் புளிசாதம் கிண்டிக்கலாம்."

அதன்பிறகு விழுந்த மௌனத்தில் ஆம்ப்ளிபயரின் மெல்லிய ரீங்காரம் கூடக் கேட்டது. அருமையான ஆம்ப்ளிபயர்.

முதலில் எழுந்தவள் சாலம்மாள். அவள் எழுந்ததைப் பார்த்து அவள் ஊர் எழுந்தது. பிறகு எந்த ஊர் எந்த ஊரைப் பார்த்து எழுந்தது என்று சொல்ல முடியாது. மூன்று நாள் வெயிலுக்கும், தடியடி மிரட்டலுக்கும், தாசில்தாரின் கெஞ்சலுக்கும் அசையாத சனம் மொத்தமாகப் புளியந்தோப்பை நோக்கிப் பாய்ந்தது. எங்களை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று கத்திக்கொண்டே போனார்கள். சின்னராசு மைக்கில் "உட்காருங்கள்" என்றார். அதுவும் கோட்டை மலைவரை போய் வந்தது, யாரும் உட்காரவில்லை. நிழலிலிருந்த கான்ஸ்டபிள்கள் அமைதியை நிலைநாட்டுவதற்காக அண்டாவின் பக்கம் ஓடினார்கள். வேடியப்பனைக் காணவில்லை. மாடுகள் மட்டும் அவிழ்த்துவிடப்பட்டு நிதானமாகப் புல் மேய்ந்தன.

சாலை வெறிச்சென்று கிடந்தது. மரமும், இரண்டு பெட்டியும், தீனதயாளனும்.

லாரி ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகத் துண்டை விலக்கிப் பார்த்தார்கள். முன்னால் நின்ற லாரியில் சங்கிலியைப் பூட்டி மரங்களை ஓரத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, இந்த நிமிஷத்தை விட்டால் இனி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பினார்கள். போகிறபோது ஒவ்வொரு லாரியும் தீனதயாளனுக்கு ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுப் போனது. அவரும் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் கையசைத்தார். ஒரு வாட். ஆயிரம் பேர். மச்சான் மட்டும் இதைப் பார்க்காமல் போய்விட்டாரே என்பது ஒன்றுதான் குறை.

தோப்பில் சோறு சண்டையோடு தொடங்கிச் சிரிப்போடு முடிந்தது. இருநூறு பேர் சாப்பாட்டை ஆயிரம் பேரும் ஆளுக்கொரு கையாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். கைகழுவிய கையோடு திரும்பி வந்து, இன்னொரு மரத்தைச் சாய்த்துப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சாலை மறுபடி அடைபட்டது. சின்னராசு தீனதயாளனிடம் வந்தார். கும்பிட்டார்.

"சார், உங்க பொட்டி நல்ல பொட்டி. தயவுசெஞ்சி இங்கேந்து எடுத்துகினு போயிடுங்க."

இந்தமுறை பெட்டிகளை ஏற்றப் பத்துப் பேர் வந்தார்கள். மரத்தைத் தாண்டி வண்டியையும் தள்ளிவிட்டார்கள். வேடியப்பன் ஏப்பம் விட்டுக்கொண்டே மாடுகளை ஓட்டினார். தான் மகள் வீட்டில் சாப்பிட்ட மூன்று நாளையும் விட இந்த ஒரு கை குஸ்கா கௌரவமாக இருந்தது என்றார். வழியெல்லாம் தீனதயாளன் அறையை அளந்தார். வலதுபக்கப் பெட்டி ஜன்னலுக்கு அந்தப்பக்கம், இடதுபக்கம் கதவோரம், நடுவில் தன்னுடைய நாற்காலி. ஆணி இருந்த இடத்தில் இனிமேல் கமலாவின் பை தொங்கட்டும் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி தெருவுக்குள் திரும்பியது. தீனதயாளன் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

எங்கிருந்தோ ஓர் ஒலி. ஆழமான, பிசிறில்லாத, ஒரே சீரான அடிநாதம். காதால் கேட்பதற்கு முன்னால் வண்டிப் பலகை வழியாக முதுகெலும்பில் ஏறியது. சத்தம் ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை. இந்தத் தெருவில் தனக்குத் தெரியாமல் இவ்வளவு சுத்தமான ஸ்பீக்கர் வாங்கியவன் எவன்? வண்டியிலிருந்து குதித்து, ஆம்ப்ளிபயரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒலி வந்த திசையில் நடந்தார். நடந்து நடந்து சொந்த வீட்டு வாசலுக்கு வந்தார்.

வாசலில் தெருப் பெண்கள் ஊறவைத்த அரிசியோடு தூக்கும் வாளியுமாக வரிசையில் நின்றார்கள். முன்னறையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் நட்டநடுவில், நாற்காலி வர வேண்டிய இடத்தில், கல்யாண வீட்டுக்கே அரைக்கக்கூடிய ஒரு கிரைண்டர் மாவு வழிய வழியச் சுற்றிக்கொண்டிருந்தது. கமலா மாவுக்கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அப்புறம் தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், குங்குமத்தைப் பார்த்தாள்.

கிரைண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காசிநாதன் எழுந்து வந்தார். சட்டையெல்லாம் லாரித் தூசி, கண்ணெல்லாம் தூக்கம். முகத்தில் கேலியே இல்லை. மாப்பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒத்துக்கறேன் மாப்ள. மூணு நாளா லாரிக்கடில படுத்துக்கினு கெடந்தேன், தாசில்தாரு வந்து கெஞ்சியும் ஒருத்தன் எழுந்துக்கல. உன் ஒரு வாட்டுக்கு அத்தினி சனமும் எழுந்து ஓடுச்சி பாரு, அந்த சந்துலதான் என் கிரைண்டரே வந்துச்சி."